சுவேதினி வைத்த கோள்

உப்புக்குளத்தில் எங்கள் பக்கத்து வீட்டுச் சுவேதினிக்கு வேலை, பிறந்து அதிக காலமாகாத இராட்சதக் கோள்களின் காற்றில் என்ன இருக்கிறதென்று பார்ப்பது. பிறந்த சூடு ஆறாமல் மின்னுவதால் அவற்றை நேரே படம் பிடிக்கலாம். ஆனால் பக்கத்து நட்சத்திரத்தின் வெளிச்சத்தைப் படத்திலிருந்து கழிக்க வேண்டும். வள்ளத்து லைற்றை மறைத்துவிட்டு, அதில் இருப்பவனின் பீடி நுனியைக் கரையிலிருந்து தேடுகிற வேலை. இதற்கும் ஒரு படிப்பா என்று நான் சிரித்திருக்கிறேன்.

தகப்பன் வின்சன்ட் பாரிசவாதத்தில் விழுந்தபிறகு, வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்து வீட்டிலேயே ஆய்வைத் தொடர்ந்தாள். வருசம் முடிவதற்குள் ஒன்றும் காட்டாவிட்டால் இடம் போய்விடும் என்று எழுதிவிட்டார்கள்.

மார்கழியில் காட்டினாள். யாரும் காணாத ஒரு புள்ளி. அதன் காற்றில் மீதேன். கணக்கு மயிரிழை பிசகாமல் பொருந்தியது. தாய் பெற்றிசியா அக்கா உடனே மாதா கோயிலில் நன்றிப் பூசைக்குக் காசு கொடுத்தார்.

பூசைக்கு முதல்நாள் பின்னேரம் சுவேதினி பழைய குறிப்புக் கொப்பியோடு என்னிடம் வந்தாள். வெளிச்சத்தைக் கழிக்கையில் கோளும் கொஞ்சம் கழிபட்டுப் போகுமாம். எவ்வளவு போகிறதென்று அறிய, கணக்கில் செய்த பொய்க்கோள் ஒன்றை, அதன் காற்றும் சேர்த்து, தாங்களே படத்தில் வைத்துப் பார்த்துவிட்டு எடுத்துவிடுவார்களாம். தகப்பன் விழுந்த செய்தி வந்த அன்று ஒன்றை வைத்திருக்கிறாள். விமானத்துக்கு ஓடிய அவசரத்தில் எடுக்கவில்லை. கண்டுபிடித்தது அதைத்தான்.

"பேசாமல் இருந்தால் ஆருக்குத் தெரியப்போகுது?" என்றேன். சொன்னதற்கு இன்றும் வெட்கப்படுகிறேன்.

"இதை நம்பி வேற ஆக்கள் வருசக்கணக்காத் தேடுவினம் அன்ரி."

அன்றே உண்மையை எழுதி அனுப்பினாள்.

மறுநாள் பூசையில், புதிய உலகத்தைக் கண்ட எங்கள் பிள்ளைக்காக என்று சுவாமி வாசித்தார். கோயிலே திரும்பிப் பார்த்தது. அவள் தலை நிமிரவில்லை. அடக்கமான பிள்ளை என்றார்கள். வெளியே வந்துதான் தாயிடம் சொன்னாள்.

பெற்றிசியா அக்கா முக்காட்டு நுனியைத் திருகிக்கொண்டு நின்றார். "பூசை ஒப்புக்குடுத்தாச்சே பிள்ளை. இனி ஆண்டவரிட்ட என்னெண்டு சொல்லுறது?"

தைமாதமே இடம் போய்விட்டது.

வின்சன்ட் அண்ணைக்கு மட்டும் இன்னும் தெரியாது. பேச்சு வராத மனுசன், நல்ல கையால் கணினியைக் காட்டுவார். அவள் அந்தப் படத்தைத் திறந்து வைப்பாள். மகளின் புள்ளியை அவர் ஆசையாகப் பார்த்துக்கொண்டிருப்பார். பொய்யென்று சொல்லலாம். எந்த நாளில் அதை எடுக்க மறந்தாள் என்பதையும் சொல்ல வேண்டிவருமே.