மூடி வைத்த சோறு

ஜப்பான்காரர் காலத்தில் என் கணவரைச் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனார்கள். காஜா பேராங்கில் இருந்த எங்கள் வீட்டில் நான் ஒருத்திதான். பிள்ளை குட்டி இல்லை. பேச ஆளில்லாமல் நாளெல்லாம் அடுப்போடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

அடுத்த வீட்டில் ஒரு ஜப்பான்காரன் குடிவந்தான். உஜோங் பாசிர் கடற்கரையில் பிடிபடும் மீனைப் பட்டாளத்துக்கு வாங்கி அனுப்புகிற வேலை. நான் துணி துவைத்துக் கொடுத்தால் மீன் தருவான். வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தேன், வயிறு விடவில்லை.

வந்தால் தன் ஊரைப் பற்றித்தான் பேச்சு. அவனுக்கும் எனக்கும் அரைகுறை மலாய். முதுகில் மலை, முகத்தில் கடல், நடுவில் ஒரு வரிசை வீடுகள், அவ்வளவுதான் ஊர். வயலுக்கு இடமில்லை. மலைச்சரிவில் படிப்படியாக வெட்டிச் சர்க்கரைவள்ளி போடுவார்களாம். அரிசி படகில் வரவேண்டும். ஆண்கள் மாதக்கணக்கில் வடக்கே மீனுக்குப் போய்விடுவார்கள். பெண்கள் கணவாய் மீன் காயவைத்தும் கடற்பாசி அறுத்தும் காலத்தை ஓட்டுவார்கள். இங்கே கடலில் அலையே இல்லை, வெறும் சேறு என்று குறை வேறு சொல்வான், என்னவோ அலையை நான் ஒளித்து வைத்த மாதிரி.

ஒரு மத்தியானம் கிணற்றடியிலிருந்து வந்து பார்க்கிறேன், எங்கள் கல்யாணப் படத்துக்கு முன்னால் ஒரு மூடி போட்ட கிண்ணம். திறந்தால் வெள்ளைச் சோறு. ஊரே மரவள்ளிக்கிழங்கு தின்ற காலம் அது. வாசலில் அவன் நின்றிருந்தான். படத்துக்கு முன்னால் சோறு வைத்தால் என்ன அர்த்தம் என்று யாருக்குத் தெரியாது? தமிழ் மறந்து மலாய் பேசும் பக்கத்துச் செட்டி வீடுகளில்கூடச் செத்துப்போன முன்னோருக்குத்தான் அப்படிப் படைப்பார்கள். சயாமிலிருந்து சேதி வந்துவிட்டது, அதை வாயால் சொல்ல முடியாமல் சோற்றை வைத்திருக்கிறான் என்று நினைத்தேன்.

கிண்ணத்தை எடுத்து முற்றத்தில் எறிந்தேன்.

"அவரு செத்துட்டாரா? வாயத் தொறந்து சொல்லு" என்று தமிழிலேயே கத்தினேன்.

ஜப்பான்காரனிடம் குரலை உயர்த்தினால் கன்னம் பழுக்கும் காலம். அவன் அடிக்கவில்லை. குனிந்து சிதறிய சோற்றைப் பொறுக்கினான். பிறகு மலாயில் ஒவ்வொரு சொல்லாகத் தேடிச் சொன்னான். அவன் ஊரில், கடலுக்குப் போனவர் திரும்பும்வரை அவருடைய பங்கைத் தினமும் வீட்டில் வைப்பார்களாம், போன இடத்தில் அவர் பட்டினி கிடக்கக்கூடாது என்று. கொஞ்சம் கழித்து மூடியைத் தூக்கிப் பார்ப்பார்கள். உள்பக்கம் நீர் கோத்திருந்தால் ஆள் சுகமாக இருக்கிறார். அவன் அம்மாவும் அவனுக்கு வைத்துக்கொண்டிருப்பாளாம்.

"செத்தவருக்கு இல்லை" என்றான். "திரும்பி வரவேண்டியவருக்கு."

அன்றைக்கு அழுத மாதிரி நான் என்றைக்கும் அழுததில்லை. அவரைப் பிடித்துக்கொண்டு போனவர்களின் ஆளே எனக்கு ஆறுதல் சொன்னதுதான் இன்னும் வயிற்றெரிச்சல்.

மறுநாளிலிருந்து நானும் வைத்தேன், கிழங்குதான். ஜப்பான்காரர் சண்டையில் தோற்றதும் வெள்ளைக்காரர்கள் வந்து அவனைக் கொண்டுபோய்விட்டார்கள். சயாமிலிருந்து சிலர் எலும்பும் தோலுமாகத் திரும்பினார்கள். அவர் வரவில்லை. வந்தவர்கள் யாருக்கும் அவரைப் பற்றித் தெரியவில்லை.

புக்கிட் காதிலில் இருந்த என் கொழுந்தன் ஒருநாள் வந்து தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"அண்ணி, இனிமே அண்ணனுக்கு ஒரு நாள் பாத்துப் படைச்சிருவோம்."

"தெனமும் சோறு போட்டுக்கிட்டுத்தான இருக்கேன்" என்றேன்.

இன்றும் வைக்கிறேன். மூடியைத் தூக்கினால் தினமும் நீர் கோத்திருக்கிறது. சுடு சோற்றை மூடினால் அப்படித்தான் இருக்கும், அது தெரியாத முட்டாள் இல்லை நான். அதனால்தான் ஒரு நாளும் ஆறவிடாமல், வடித்த கையோடு மூடிவிடுகிறேன்.