ஏழுமலை பள்ளத்தில் விடவில்லை

செல்வியின் கம்ப்யூட்டரில் இருந்த அத்தனையையும் அழித்தவன் நான். ரோட்டுப் பள்ளம் அல்ல, அவளுடைய கணவன் ஏழுமலை அல்ல... நான்!

எழுதிவிட்டேன். இத்தனை ஆண்டுகளில் இந்த வரியை நான் முழுதாக எழுதுவது இதுவே முதல்முறை. இன்னொன்றையும் உங்களிடம் ஒளிக்கப் போவதில்லை. அந்த நாளை நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பெல்லாம் துள்ளுகிறது! தன் குற்றம் நடந்த நாளை நினைத்துத் துள்ளுகிறவனை நீங்கள் என்னவென்று சொல்வீர்கள்?

இரண்டாயிரங்களின் தொடக்கம். உத்திரமேரூரில் ஒரு பிரவுசிங் சென்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கம்ப்யூட்டரைக் கழற்றிப் பூட்டுவதில் என்னைப் போலவே பைத்தியம் பிடித்த சிலர் காஞ்சிபுரத்திலும் செங்கல்பட்டிலும் இருந்தார்கள். மெயிலிலேயே பழகினோம், மெயிலிலேயே சண்டை போட்டோம். எங்களுக்கு நாங்களே வைத்துக்கொண்ட பெயர் ஹேக்கர். ஒருநாள் நேரில் கூடினால் என்ன என்று யாரோ கேட்க, எல்லாரும் வருகிறேன் என்றார்கள். இடம் பார்க்கும் வேலை என் தலையில் விழுந்தது.

பஸ் ஸ்டாண்டுக்கு அருகே ஒரு கல்யாண மண்டபம் கிடைத்தது. அதன் மேனேஜர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னா ஃபங்ஷன்பா? பொண்ணு வூடா, மாப்ள வூடா?"

"ஹேக்கருங்க மீட்டிங்குண்ணே."

"பேங்க்ல கை வைக்கிறவனத்தானே பேப்பர்ல அப்டி போடறான்? பேஜாரு எதுவும் வராம பாத்துக்கினா சரி!"

ஞாயிறு காலை மண்டபம் நிரம்பியது. பஸ்ஸிலும் பைக்கிலும் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்! மணமக்கள் உட்காரும் இடத்தில் மானிட்டர்களை அடுக்கினோம். தலைவர் இல்லை, பொன்னாடை இல்லை. யார் முதலில் பேசுவது என்ற கேள்வி வந்தபோது சோழர் காலத்திலேயே ஓலைச் சீட்டுப் போட்டு ஆளைத் தேர்ந்த குடவோலை ஊரில் வேறென்ன செய்வோம்? ஸ்டீல் குடத்தில் சீட்டைப் போட்டுக் குலுக்கினோம்.

எங்கள் கூட்டத்துக்கு ஒரே ஒரு சட்டம்தான். யாராவது எதையாவது கெடுத்துவிட்டால் நாற்காலிமேல் ஏறி, "நான்தான் கெடுத்தேன்" என்று கத்த வேண்டும். எப்படிக் கெடுத்தார் என்பதையும் சொல்ல வேண்டும். உடனே மண்டபமே கை தட்டும், தெரிந்தவர்கள் ஓடிவந்து சரிசெய்வார்கள். அன்று காலையிலேயே மூன்று பேர் ஏறினார்கள். மூன்று பேருக்கும் அதிகமாகக் கை தட்டியவன் நான்!

பதினொரு மணிவாக்கில் செல்வி வந்தாள். தாமல் ஏரிப் பக்கத்து இருளர் குடியிருப்பைச் சேர்ந்தவள். பன்னிரண்டாவது முடித்து, அங்கேயே மாலை வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தாள். ஏழுமலை மொபெட்டை ஓட்ட, பின்னால் உட்கார்ந்து, போர்வை சுற்றிய கம்ப்யூட்டர் கேபினெட்டை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டே அத்தனை தூரமும் வந்திருந்தாள்.

"சார், இதுல நான் அடிக்கிற தமிழு வேற கம்ப்யூட்டர்ல கட்டம் கட்டமா வருது சார். இங்க சரி பண்ணுவாங்கன்னு நோட்டீஸ்ல பாத்தேன்."

அதில் என்ன இருந்தது தெரியுமா? நூற்றுக்கு மேற்பட்ட இருளர் குடும்பங்களின் விவரம்! யார் யாருக்கு என்ன உறவு, எந்தப் பிள்ளை எந்த வகுப்பு... சாதிச் சான்றிதழுக்காக வீடு வீடாக ஏறி இறங்கி இரண்டு வருடம் திரட்டியது. எழுதிய நோட்டுகள் மழையில் ஊறிக் கூழாகிவிட்டன. மிஞ்சியது அந்தப் பழைய டிஸ்க்கில் இருந்தது மட்டும். அடுத்த மாதம் சான்றிதழ் முகாம். சான்றிதழ் இல்லாவிட்டால் பத்தாவது முடித்த பிள்ளைகளுக்கு மேலே படிக்க வழியில்லை.

"பழச தொட மாட்டேன். புது டிஸ்க் ஒண்ணு போட்டு அதுல விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் ஏத்தித் தரேன், தமிழ் ஜம்முனு வரும்" என்றேன். என் பையில் உபரியாக ஒரு டிஸ்க் இருந்தது. அதைப் பூட்டினேன்.

எனக்கோ தலைகால் புரியாத உற்சாகம்! மெனு முழுக்கத் தமிழிலேயே வரும் முதல் கம்ப்யூட்டரை அன்று நான்தான் காட்டப்போகிறேன்! புரொஜெக்டரில் மாட்டினேன், எல்லாரையும் கூப்பிட்டேன். எந்த டிஸ்க்கில் ஏற்றுவது என்று திரை கேட்டது. இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு. முதலில் இருந்ததைத் தட்டினேன். எல்லாம் அழிந்துவிடும், சம்மதமா என்று கேட்டது. படித்தேனா? படிக்கவில்லை! பின்னால் நிற்பவர்களோடு சிரித்துக்கொண்டே சம்மதம் என்று தட்டினேன்.

திரையில் தமிழ் மலர்ந்தது. ஐயோ, அந்த விசில்! அந்தக் கூச்சல்! என்னைத் தோளில் தூக்கிவிட்டார்கள். செல்வி சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

"நம்ம தமிழு சார்! எம்மாம் அழகா கீது!"

பிறகு கேட்டாள்: "என் ஃபைலுங்க எங்க கீது சார்?"

தேடினேன். என் டிஸ்க் காலியாகக் கிடந்தது. நான் லினக்ஸ் ஏற்றியது அவளுடைய டிஸ்க்கின்மேல்!

நாற்காலி பக்கத்திலேயே இருந்தது. ஏறியிருந்தால் கை தட்டியிருப்பார்கள்... அவ்வளவு மலிவாக ஒரு தப்பை ஒத்துக்கொள்ள உலகத்தில் வேறெங்கும் வாய்ப்பில்லை! ஆனால் இப்போதுதானே தோளிலிருந்து இறங்கியிருந்தேன்? இறங்கிய உடனே அந்த நாற்காலியில் ஏற எனக்கு மனம் வரவில்லை.

"சாப்ட்டு வாங்க, எடுத்து வைக்கிறேன்" என்றேன்.

எல்லாரும் பந்திக்குப் போனார்கள். நான் மட்டும் உட்கார்ந்து என் டிஸ்க்கில் லினக்ஸை மறுபடி ஏற்றினேன். செத்ததுபோலக் கிடக்கட்டும் என்று அவளுடைய டிஸ்க்கின் வயர்களை உருவிவிட்டேன். தவறி நடந்தது முதலாவது. இது தவறி நடந்ததா? இல்லை... ஒவ்வொரு திருகாகக் கழற்றிச் செய்தது!

அவர்கள் திரும்பி வந்ததும், "பழைய டிஸ்க் போயிடுச்சு. வர்ற வழியில ஏதாவது அடிபட்டுச்சா?" என்று கேட்டேன்.

செல்வி மெதுவாகத் திரும்பி ஏழுமலையைப் பார்த்தாள்.

"ஓரிக்கை தாண்டி ஒரு பள்ளத்துல வுட்டியே... மெதுவா போ, மெதுவா போன்னு தலப்பாடா அடிச்சிக்கினேனே!"

அவர் கையில் இருந்த போர்வையை மடித்தார், பிரித்தார், திரும்ப மடித்தார்.

அழிந்ததை மீட்பதில் கெட்டிக்காரன் ஒருவன் அன்று வந்திருந்தான், செங்கல்பட்டு மூர்த்தி. "குடு மச்சி, பாதியாவது கிடைக்குதான்னு பாக்கறேன்" என்று கையை நீட்டினான். கேட்டீர்களா? பாதியாவது! "மோட்டாரே சுத்தல மச்சி, வேஸ்ட்" என்றேன். வயரை மாட்டினால் அது சுத்தும் என்பது எனக்குத் தெரியும். குடத்திலிருந்து அடுத்ததாக வந்தது மூர்த்தியின் சீட்டு. அழிந்த ஃபைல்களை மீட்பது எப்படி என்று அரை மணி நேரம் பேசினான். முதல் வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்தேன். வெட்கம் இருந்ததா என்கிறீர்களா? அவன் பேச்சு அவ்வளவு பிரமாதம்... நடுவில் பத்து நிமிஷம் செல்வியை மறந்தே போனேன்!

செல்வியும் ஏழுமலையும் அவன் பேச்சு தொடங்கும் முன்பே கிளம்பிவிட்டிருந்தார்கள். தமிழ் வருகிற கம்ப்யூட்டரையும், அதற்குள் வயரில்லாமல் கிடந்த டிஸ்க்கையும் எடுத்துக்கொண்டு...

ஏழெட்டு மாதம் கழித்து உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் ஏழுமலையைப் பார்த்தேன். கும்பலுக்குள் நழுவப் பார்த்தேன். அவரே என்னைக் கண்டுகொண்டு, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக்கொண்டு வந்தார்.

"செல்வி எப்படியிருக்காங்க?"

"மறுக்கா வூடு வூடா எழுதிக்கினு கீது சார். முகாமுக்குள்ள முடியல. பத்தாவது படிச்ச பசங்க அஞ்சு பேரு செங்கல் சூளைக்குப் பூட்டாங்க." துண்டை உதறித் தோளில் போட்டார். "எங்கிட்ட செல்வி அதப் பத்தி ஒண்ணும் கேக்கறதில்ல சார். கம்ப்யூட்டர் பக்கம் மட்டும் நான் போறதில்ல."

நான் வாயைத் திறந்தேன். சொல்லத்தான் திறந்தேன், நம்புங்கள்! அதற்குள் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அன்னிக்கு நான் பார்த்து ஓட்டியிருந்தா உங்க வேலையும் வீணாயிருக்காது. நல்ல நாளும் அதுவுமா கெடுத்துப்புட்டேன். மன்னிச்சிக்கோங்க சார்."

"பரவாயில்லைங்க, மனசுல வெச்சுக்காதீங்க" என்றேன்.

நான் அவரை மன்னித்தேன்!