லஞ்சத்தில் சேராத வாசம்

இஞ்சி தட்டும் வாசம் எங்கே வந்தாலும் அந்த அதிகாரி அம்மா நினைவுக்கு வந்துவிடுகிறார். சங்கரன்கோவிலில் எங்கள் குளத்துக் கரையில் எதைக் கட்டினாலும் அவர் அனுமதி வேண்டும். வெயிலில் வெளுத்த தொப்பி, முழங்கால் வரை சேறு, அதற்கு மேலே முழுக்கச் சிரிப்பு.

கரையோர டீக்கடைக்காரர் கடையைக் குளத்துக்குள் நீட்டிக் கட்ட மனுப் போட்டிருந்தார். மனு முடியும்வரை அவர் கடை டீயைத் தொடுவதில்லை என்பது அம்மாவின் விரதம். அளக்க வரும்போதெல்லாம் பெஞ்சில் எங்களோடு உட்கார்ந்து, கண்ணை மூடி இஞ்சி டீயின் ஆவியை இழுத்துவிட்டு, தன் பாட்டிலிலிருந்து பச்சைத்தண்ணீர் குடிப்பார்.

"வாசம் லஞ்சத்துல சேராதும்மா, நல்லா இழுங்க," என்பார் கடைக்காரர்.

ஒருநாள் அம்மா முடிவைச் சொன்னார். குளம் பெருகினால் தண்ணீர் நிற்கும் இடம் அது. இருக்கிற கடையே ரோட்டுக்கு அந்தப்பக்கம் போயாக வேண்டும். கடைக்காரர் முகம் சுண்டிப்போயிற்று. அம்மா நகரவில்லை.

"மனு முடிஞ்சிட்டு அண்ணாச்சி. இப்பமாவது ஒரு டீ போடுங்க, சீனி தூக்கலா."

மறுத்த வாயால் டீ கேட்க எப்படி மனசு வந்ததோ, இன்றும் எனக்குப் புரியவில்லை. கடைக்காரர் முறைத்தார், முறைப்பு பாதியிலேயே சிரிப்பாகிவிட்டது.

"இங்கன போட மாட்டேன். கடை அங்கிட்டுப் போகட்டும், முதல் டீ உங்களுக்குத்தான்."

அம்மா ஸ்கூட்டரைக் கிளப்பினார்.

"அப்பம் சட்டுன்னு மாத்துங்க அண்ணாச்சி, நாக்கு நமநமங்குது."