ஒண்ணாம் வண்டியின் பக்கம்

எனக்குச் சந்தேகப் புத்தி. யாராவது சிரித்துப் பேசினால்கூட எதற்கென்று யோசிப்பேன். திருச்செங்கோட்டில் போர்வெல் போடும் ரிக் வண்டிகள் வைத்திருக்கும் ஒருவரின் வெப்சைட்டை நான்தான் செய்து, பார்த்துக்கொண்டும் வருகிறேன். ஒவ்வொரு ரிக்குக்கும் ஒரு பக்கம். அதில் அந்த வண்டி மேனேஜரின் போன் நம்பர். பக்கத்தின் உண்மையான முகவரி உள்ளே இருக்கும் வெறும் எண்தான். அதை யார் நினைவில் வைப்பார்கள்? அதனால் 'வண்டி-1' என்பதுபோல் மேலே ஒரு மாற்றுப் பெயர் கொடுப்போம். அந்தப் பெயரைக் க்யூஆர் ஸ்டிக்கராக அடித்து வண்டியின் பின்னால் ஒட்டியிருந்தோம். போர் போட வேண்டியவர்கள் அதை ஸ்கேன் செய்து, திறக்கும் பக்கத்தில் இருக்கும் நம்பருக்குக் கூப்பிடுவார்கள்.

சத்தீஸ்கரில் ஓடிக்கொண்டிருந்த பழைய வண்டிக்குத் திடீரென்று போன் வருவது நின்றுபோனது. பின்னாலேயே அங்கு போன புது வண்டிக்கோ ஓயாமல் வந்தது. புது வண்டி மேனேஜர், ஆபீசில் வெப்சைட்டைத் திருத்தும் பெண்ணின் அண்ணன். எனக்கு இது போதாதா? அட்மின் பட்டியலில் பக்கத்தின் எண்ணைத் தட்டிப் பழைய வண்டியின் பக்கத்தைத் திறந்தேன். போன் நம்பர் சரியாகவே இருந்தது. அந்தப் பெண் நம்பரை மாற்றிவைத்துவிட்டு, நான் பார்க்கிற நேரத்துக்குப் பழையபடி ஆக்கிவிடுகிறாள், பலே கைகாரி என்று முடிவு கட்டினேன். ஓனரிடமும் சொல்லிவிட்டேன்.

அவர் அவளை என் எதிரிலேயே கூப்பிட்டுக் கேட்டார்.

"நான் அந்த நம்பரத் தொடவே இல்லீங்க. அவரையே இன்னொருக்கா நல்லாப் பாக்கச் சொல்லுங்க" என்றாள்.

"பாத்துட்டுத்தானுங்க சொல்றேன்" என்றேன் நான்.

அவளை மறுநாளிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

ஒரு வாரம் கழித்துப் பழைய வண்டி மேனேஜர் தன் ஸ்டிக்கரைப் படமெடுத்து அனுப்பினார். ஸ்கேன் செய்தேன். புது வண்டியின் பக்கம் திறந்தது. மாற்றுப் பெயர்களின் பட்டியலைத் திறந்தேன்.

ஓனர் வீட்டு வழக்கப்படி, கடைசியாக வாங்கிய வண்டிதான் ஒண்ணாம் வண்டி. ஆயுத பூஜையில் அதுதான் முன்னால் நிற்கும், பழையது இரண்டாவதாகிவிடும். "வெப்சைட்லயும் மாத்தீருங்க சாமி" என்று ஓனர் பூஜையன்று சொன்னதும், பொரிகடலையை மென்றுகொண்டே 'வண்டி-1' என்ற பெயரைப் புது வண்டியின் பக்கத்துக்கு மாற்றியவன் நான். பழைய ஸ்டிக்கரோடு ஒரு வண்டி வெளியூரில் ஓடுவது நினைவுக்கே வரவில்லை. பட்டியலில் 'வண்டி-1'க்கு நேரே, கடைசியாகத் திருத்தியவர் என்ற இடத்தில் என் பெயர் இருந்தது.

ஓனரிடம் ஒப்புக்கொண்டுவிட்டு அவள் வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டேன். அவ்வளவு வெட்கம் எனக்கு அதற்கு முன் வந்ததில்லை. "பரவால்லீங்க" என்றாள். திங்கட்கிழமை வேலைக்கு வந்துவிட்டாள்.

அன்றிலிருந்து ஒரு கமாவைத் திருத்தினாலும், திருத்துவதற்கு முன் ஒன்று, பின் ஒன்று என ஸ்க்ரீன்ஷாட் எடுத்து எனக்கு அனுப்புகிறாள். வேண்டாம்மா என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன்.

"இருக்கட்டுங்க" என்கிறாள். இன்று காலையிலும் இரண்டு படங்கள் வந்தன.