மாரியம்மன் திருப்பித் தந்த ‘ஆமா’

“உன்ர அம்மா இனி வாய் திறப்பா எண்டு நம்புறியோ, பிள்ளை?” என்று மேல்மாடிக் கமலா அன்ரி என்னிடம் கேட்டார்.

அது 2006 மாசி மாதம். அம்மா பக்கவாதத்தால் ஒஸ்லோ வைத்தியசாலையில் கிடந்தார். பேச்சு அடியோடு நின்றிருந்தது. வரலாம், வராமலும் போகலாம் என்றார் மருத்துவர்.

அம்மாவும் அப்பாவும் மலையகத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்தவர்கள். பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர்கள். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். ஒஸ்லோவில் நாங்கள் குடியிருந்த ட்வெய்ட்டாவில் எங்களைச் சுற்றி இருந்தவர்கள் யாழ்ப்பாணத்தார். “தோட்டக்காட்டார்” என்ற ஏளனத்தை அப்பா முன்பே கேட்டிருந்தார்.

“இனிமே வீட்டுக்குள்ளயும் ‘ஆமா’ கெடையாது. யாழ்ப்பாணத்தார் மாதிரி ‘ஓம்’தான்” என்றார். யார் கேட்டாலும் எங்கள் ஊர் வவுனியா என்றே சொல்லவேண்டும்.

அம்மாவின் நாக்கு அந்தப் பேச்சுக்குத் திரும்பவில்லை. ஒருநாள் கமலா அன்ரியிடம் “ஓமுங்க” என்றுவிட்டார்.

“அதென்ன ஓமுங்க? புதுத் தமிழோ?” அன்ரி விழுந்து விழுந்து சிரித்தார். அதன்பின் ஆட்கள் முன்னால் அம்மா தலையை மட்டும் ஆட்டினார்.

வைத்தியசாலையிலும் பழக்கத்தில், “அம்மா, கதையுங்கோ” என்றே கெஞ்சினேன். அவர் கண் அசையவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை என் தெம்பு முடிந்தது. அன்ரி பக்கத்தில் நின்றார். கண்ணை மூடினேன். பழகிய தமிழ் வரவில்லை. தோட்டத்து மாரியம்மனிடம் அம்மா கேட்கும் விதமாகவே என் வாய் கேட்டது.

“ஆத்தா, மாரியாத்தா, எங்கம்மா பேசணும். பேச்சக் குடு தாயி.”

அம்மா என் பக்கம் திரும்பினார்.

“அம்மா, என்னயத் தெரியுதா?”

உதடு கோணியது. “ஆமா.”

மருத்துவர் வேறு காரணம் சொல்லக்கூடும். சொல்லட்டும். நான் கேட்டேன், அவள் கொடுத்தாள்.

அன்ரி கட்டிலுக்குக் கிட்ட வந்து அம்மாவைப் பார்த்தார். பிறகு, “அப்ப நீங்கள் மலைநாடோ?” என்றார்.

“ஆமா, அன்ரி” என்றேன்.

இன்று அம்மா மெதுவாகப் பேசுகிறார், எங்கள் பேச்சில். அன்ரியிடமும் அப்படித்தான். அப்பாவும் இப்போது தடுப்பதில்லை. மாரியாத்தாவிடம் எதையேனும் கேட்க நினைக்கிறீர்களா? உங்கள் வீட்டுப் பேச்சிலேயே கேளுங்கள். அவளுக்கு விளங்கும்.

சனிக்கிழமைகளில் நான் பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பிக்கிறேன். போன வகுப்பில் பலகையில் ‘ஓம்’ என்று எழுதினேன். பக்கத்தில், அதே அளவில், ‘ஆமா’ என்றும் எழுதினேன்.