எல்லை தாண்டாத நல்ல பெயர்

பத்து வருஷத்துக்கு மேல் சிங்கப்பூரில் கிரேன் ஓட்டிவிட்டு மலேசியாவின் கோலசிலாங்கூர் பக்கம் திரும்பிய எனக்கு ஒரே ஒரு பயம். அங்கே ஏதாவது பாக்கியைக் கட்டாமல் விட்டு வந்திருப்பேனோ?

காரணம் வீடு. மனைவியும் மகளும் அத்தனை காலம் குடியிருந்த எஸ்டேட் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். தஞ்சோங் காராங்கில் ஒரு பழைய வரிசை வீடு பார்த்து முன்பணம் கொடுத்தோம். மாதக் கடைசிக்குள் கடன் தருவதாகப் பேங்க் கடிதம் வராவிட்டால் வீடு வேறு ஆளுக்கு என்று விற்பவர் சிரித்துக்கொண்டே சொன்னார். கத்துகிறவர்களைச் சமாளித்துவிடுவேன். சிரிக்கிறவர்களிடம்தான் என் பாச்சா பலிக்காது.

போதாததற்கு, தேநீர் குடிக்கப் போன ஒட்டுக்கடையில் என் கூட்டாளி ஒருவன், லோரி ஓட்டுபவன். என் வடையைத் தின்றபடியே ஆறுதல் சொன்னான்.

"அங்க உள்ள கடன் இங்க வராதுன்னு யாரு சொன்னா? எல்லாம் கம்ப்யூட்டர் லா. ஒரு போன் பில்ல விட்டிருந்தாலும் போதும், உன் கதை முடிஞ்சிச்சி."

அன்றிலிருந்து செய்யாத குற்றங்களை எல்லாம் தேட ஆரம்பித்தேன். உடம்பை இளைக்க ஓர் உடற்பயிற்சிக் கூடத்தில் சேர்ந்து ஒரே நாள் போனேனே, அதன் சந்தா? கடைசியாகப் பிடுங்கிய பல்லுக்குப் பணம் கொடுத்தேனா? தாங்க முடியாமல் இணையம் வழியாக அந்த ஊர்க் கடன் அறிக்கையை வரவழைத்தேன். அதில் எனக்கு முதல் தர மதிப்பீடு. ஒரு மாதம்கூடப் பிந்தவில்லை. மகிழ்ச்சியில் அதை லேமினேட் செய்தேன். என் கல்யாணப் பத்திரத்துக்குக்கூட அந்த மரியாதை கிடைத்ததில்லை.

பேங்கில் எனக்கும் மனைவிக்கும் எதிரே என் மகள் வயதில் ஒரு தமிழ்ப் பெண். என் அடையாள அட்டை எண்ணைத் தட்டிவிட்டுத் திரையையே பார்த்தாள். மறுபடியும் தட்டினாள். ஏர்கோன் குளிரில் எனக்கு முதுகு நனைந்தது.

"அங்கிள், நீங்க இங்க கடன் வாங்கினதாவும் இல்ல, கட்டினதாவும் இல்ல. உங்கள எத வச்சி நம்புறதுன்னு சிஸ்டத்துக்குத் தெரியல."

லேமினேட்டை எடுத்து மேசையில் வைத்தேன். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். இந்த நாட்டுக் கணக்கு மட்டும்தான் அவர்களுக்குத் தெரியுமாம். வெளிநாட்டுக் காகிதத்தை இணைத்து அனுப்பலாம், ஆனால் தலைமையகம் ஏற்குமா என்று சொல்ல முடியாது, நாளும் பிடிக்கும் என்றாள். இத்தனை நாள் கெட்ட பெயர் பின்னால் வந்துவிடுமோ என்று நடுங்கியவன், நல்ல பெயரும் சிங்கப்பூரை இணைக்கும் ஜொகூர் பாலத்துக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டதை அப்போதுதான் உணர்ந்தேன்.

அப்படியானால் இன்றைக்கே ஓர் ஐஸ் பெட்டியைத் தவணையில் வாங்கிக் கணக்கை ஆரம்பித்துவிடவா என்று கேட்டேன். அந்தப் பெண் பதில் சொல்வதற்குள் மனைவி தன் அடையாள அட்டையை நீட்டினாள்.

அவள் சுங்கை புரோங்கில் ஒரு நெல் ஆலையில் கணக்கு எழுதும் கிராணி. நான் சிங்கப்பூரில் இருந்தபோது பேங்க் கடனில் முதலில் மோட்டார் சைக்கிள் எடுத்தாள், பிறகு ஒரு சின்னக் கார். கையில் காசு இருக்கும்போது கடன் எதற்கு என்று போனில் நான் வகுப்பு எடுத்த நாட்கள் எத்தனையோ. அதற்கு அவள், "நீங்க அனுப்புற காசு எந்த மாசம் வரும்னு எனக்கென்ன ஜோசியமா தெரியும்?" என்பாள்.

திரையைப் பார்த்த பெண்ணின் முகம் மலர்ந்தது.

"அக்கா ரெக்கார்ட் ரொம்ப அழகா இருக்கு."

நான் அங்கிள், அவள் அக்கா. அந்த அவமானத்தைப் பொருட்படுத்த எனக்கு அப்போது நேரமில்லை. அவள் சம்பளம் மட்டும் போதாது, நான் இங்கே சேர்ந்த புது வேலையின் சம்பளச் சீட்டையும் சேர்க்கலாம், ஆனால் முதல் பெயர் அவளுடையது என்று முடிவானது.

அடுத்த நாட்களில் போன் அதிர்ந்தபோதெல்லாம் நானும் அதிர்ந்தேன். விற்பவர் இரண்டு முறை அழைத்துச் சிரித்தார். மாதம் முடியப் போகும் நேரத்தில், கடன் கிடைத்துவிட்டது என்று பேங்க் அழைத்தது. என்னை அல்ல, அவளை.

கையெழுத்துப் போடும்போது அந்தப் பெண் விளையாட்டாக மனைவியிடம் கேட்டாள், அங்கிள் ஒழுங்காகக் கட்டுவாரா என்று.

மனைவி என்னைத் தேவைக்கு மேலேயே நேரம் எடுத்துப் பார்த்தாள்.

"இப்பத்தானே ஆரம்பிக்கிறாரு. பாப்போம்."