அக்கா ஓட்டினார், மாமா வழி சொன்னார்

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பாதிப்பேராவது அவர் ஓட்டிய காரில் ஏறியிருப்பீர்கள். பெண் பார்க்கப் போயிருப்பீர்கள், பிரசவத்துக்குப் போயிருப்பீர்கள், சேதராப்பட்டுக் கம்பெனிகளில் ஷிப்ட் முடித்து வீடு திரும்பியிருப்பீர்கள். ஆனால் அவர் எப்படி ஸ்டீயரிங்கைப் பிடிக்க வந்தார் என்பது சிலருக்குத்தான் தெரியும். அதை எழுத வேண்டியது தம்பியாகிய என் கடமை.

அக்கா பிறந்தது பண்டசோழநல்லூரில். கொஞ்சம் நெல், கொஞ்சம் கரும்பு, அவ்வளவுதான் எங்கள் நிலம். பத்தாவதோடு அவர் படிப்பை நிறுத்தியது நான் படிப்பதற்காக. அதை அவர் ஒருநாளும் வாய்திறந்து சொன்னதில்லை. அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். வில்லியனூரில் வாடகைக் கார் ஓட்டிக்கொண்டிருந்த மாமாவுக்கு அவரைக் கொடுத்தோம். குழந்தை பிறக்கவில்லை. ஊர் அதைப் பற்றிப் பேசியது, அவர்கள் பேசவில்லை.

மாமா பேச்சுக்காரர். வண்டியில் ஏறுகிறவர்களுக்கெல்லாம் கார் பிறந்த கதைகளைச் சொல்லிக்கொண்டே ஓட்டுவார். ஆதிகாலத்துக் கார்களில் வட்டமான ஸ்டீயரிங் கிடையாது, படகுச் சுக்கான் மாதிரி ஒரு பிடிதான் என்று மணப்பட்டு மீனவர்களிடம் சொல்வார். "அப்ப நாங்களும் டிரைவருங்கதான்" என்று அவர்கள் சிரிப்பார்கள்.

ஐம்பத்திரண்டாம் வயதில் சர்க்கரை நோய் மாமாவின் இரண்டு கண்களையும் வாங்கிக்கொண்டது. மருத்துவர்கள் முடிந்தவரை பார்த்தார்கள். கார் வீட்டோரம் தார்ப்பாய்க்குள் நின்றது. மாமா பேச்சை நிறுத்திவிட்டார். சுவர்ப்பக்கம் திரும்பியே உட்கார்ந்திருப்பார். ஒருநாள் வண்டியை விலைக்குக் கேட்டு ஒருவர் வந்தபோது அக்கா அவரைத் திருப்பி அனுப்பிவிட்டு, "வண்டிய நான் ஓட்டறேன்" என்றார்.

"நீயா? என்ன மூலையில ஒக்கார வெச்சிட்டு நீ போயி என் சீட்ல ஒக்காரப் போறியா?" என்றார் மாமா.

நான் அப்போது அங்கே இருந்தேன். அக்கா அடுத்த வாரமே ஓட்டுநர் பயிற்சிக்குச் சேர்ந்தார். இரண்டாம் தடவையில் தேறினார். முதல் சவாரியாக மாமாவைக் கோயிலுக்கு அழைத்துப் போக ஆசைப்பட்டார். மாமா ஏற மறுத்துவிட்டார்.

அதற்குப் பிறகு அக்கா செய்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடுகிறது. நான் பாகூரில் பள்ளி ஆசிரியர். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வந்து, "கார் கண்டுபுடிச்ச கதைங்க இருக்கற பொஸ்தகம் எதனா இருந்தா குடுடா. அவுருகிட்ட இருந்ததெல்லாம் தீந்துபோச்சி. புதுசா வேணும்" என்றார். எங்கள் பள்ளி நூலகத்தில் ஆங்கிலத்தில் ஒரு தடித்த புத்தகம் இருந்தது. வாரம் இரண்டு கதையாகத் தமிழில் எழுதிக் கொடுத்தேன். சவாரி முடிந்து வந்ததும் அக்கா அதை மாமாவின் முதுகைப் பார்த்துப் படிப்பார். அவர் கேட்கிறாரா இல்லையா என்றுகூடத் தெரியாது.

கார் வந்த புதிதில் ஜெர்மனியில் ஒரு அம்மையார், கணவர் செய்த காரை அவரிடம் சொல்லாமலே இரண்டு பிள்ளைகளோடு எடுத்துக்கொண்டு தாய்வீட்டுக்குப் போன கதையை ஒருநாள் படித்தார். வழியில் எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டதும் தொப்பியிலிருந்த ஊசியால் குத்தி எடுத்தாராம். பிரேக் தேய்ந்தபோது செருப்புத் தைப்பவரிடம் நிறுத்தித் தோல் வைத்து அடித்துக்கொண்டாராம். மாமா சுவரைப் பார்த்தபடியே, "புருஷன் இன்னா சொன்னானாம்?" என்று கேட்டார்.

"அத போடல" என்றார் அக்கா. அன்றைக்கு அவ்வளவுதான்.

இரண்டு வாரம் கழித்துப் படித்தது, சிறுவயதிலேயே பார்வை இழந்த ஒரு அமெரிக்க எஞ்சினியரின் கதை. அவர் தம் வக்கீலின் காரில் போவாராம். அந்த வக்கீல் பேசும்போது வண்டி மெதுவாகும், கேட்கும்போது வேகமெடுக்கும். அந்தக் குலுக்கல் பொறுக்காமல்தான், காலை எடுத்தாலும் வண்டி ஒரே வேகத்தில் போகிற கருவியை அவர் செய்தாராம். மாமா இந்தப் பக்கம் திரும்பினார்.

"கண்ணு தெரியாதவனா செஞ்சான்?"

"ஆமாங்க."

"தெரியாதவனுக்குத்தான் தெரியும், எவன் எப்படி ஓட்டறான்னு. நீ காலைல வண்டி எடுக்கற சத்தம் கேக்கறேன் இல்ல? கிளச்ச கொல்ற."

"அப்ப வந்து பக்கத்துல ஒக்காந்து சொல்லுங்க" என்றார் அக்கா.

மறுநாள் மாமா காரில் ஏறினார். பிறகு பத்து வருடம் இறங்கவில்லை. எந்தப் பாலம், எந்த வளைவு என்று சக்கரத்தின் சத்தத்திலேயே சொல்லிவிடுவார். "கியர மாத்து", "முன்னால பள்ளம் வரும்" என்று ஓயாமல் திட்டுவார். அக்கா, "சரிங்க, சரிங்க" என்பார். பாகூர் ஏரிக்கரை வந்தால் மட்டும் மாமா பேசாமல் இருப்பார். அங்கே காற்று முகத்தில் அடிக்கும்.

ஒரு கார்த்திகை மாதத்து மதியம். மழையால் பள்ளியைச் சீக்கிரம் விட்டதால் என்னை அழைத்துப்போக வந்திருந்தார்கள். அப்போது மணப்பட்டிலிருந்து போன் வந்தது. தெரிந்த மீனவப் பெரியவர் ஒருவருக்கு நெஞ்சுவலி. "ஏறுடா" என்றார் அக்கா. பெரியவரைப் பின்சீட்டில் என் தோளில் சாய்த்துக்கொண்டேன். அவர் மனைவி காலடியில் உட்கார்ந்து அவர் பாதத்தைத் தேய்த்துக்கொண்டே வந்தார். கிருமாம்பாக்கம் தாண்டியதும் வைப்பர் நின்றுவிட்டது. கண்ணாடியில் தண்ணீர் திரையாக வழிந்தது. அக்கா ஓரங்கட்டினார்.

மாமா காதைக் கொடுத்துக் கேட்டார். "வைப்பர் மோட்டர் ஓடுது. அத ஆட்டற கம்பிதான் கழண்டுடுச்சி. மச்சான், டிக்கியில கேரியர் கயிறு இருக்கும், ரெண்டா அறு."

இரண்டு வைப்பரிலும் கயிற்றைக் கட்டி பக்கத்துக்கொரு ஜன்னல் வழியாக உள்ளே விட்டேன். வலது பக்கத்துக் கயிறு அக்காவின் முதுகுக்குப் பின்னால் போயிற்று. இரண்டு நுனியும் மாமாவின் கையில். அவர் இடதை இழுத்தார், வலதை இழுத்தார். வைப்பர் போய்வந்தது.

"தெரியுதா?"

"தெரியுதுங்க. இன்னும் கொஞ்சம் வேகமா."

"மொத மொத வந்த வைப்பருக்கு மோட்டரே கெடையாதும்மே. உள்ள ஒக்காந்து கையாலதான் ஆட்டணும். நீதான் படிச்சிக் காட்டுன. அதுவும் ஒரு பொம்பள கண்டுபுடிச்சது. நீ ஓட்டு."

ஆஸ்பத்திரி வாசல் வரை மாமா நிறுத்தவே இல்லை. இரண்டு ஜன்னல் வழியாகவும் அடித்த மழையில் எல்லோரும் நனைந்திருந்தோம். பெரியவரை உள்ளே கொண்டுபோன பிறகு பார்த்தால் மாமாவின் உள்ளங்கை இரண்டும் கயிறு அறுத்துச் சிவந்திருந்தன. அக்கா அந்தக் கைகளைத் தம் முந்தானையில் பொத்திக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து அழுதார். "ஏன் அழுவற, வந்துட்டோம் இல்ல?" என்றார் மாமா. பெரியவர் பிழைத்துக்கொண்டார்.

கர்ப்பப்பையில் புற்றுநோய் என்று தெரிந்தபோது அக்காவுக்கு ஐம்பத்தெட்டு வயது. எட்டு மாதம் படுத்திருந்தார். மாமா தடவித் தடவியே கஞ்சி வைக்கக் கற்றுக்கொண்டார். கடைசி வாரத்தில் ஒரு பிற்பகல், "எதனா சொல்லுங்க" என்றார் அக்கா. மாமாவுக்குத் தெரிந்த கதையெல்லாம் அதற்குள் முடிந்திருந்தது.

"ஹாரன் எப்படி வந்திச்சி தெரியுமா? ஒருத்தன் வண்டிய எடுத்துட்டு வாசல்ல நிப்பானாம். பொண்டாட்டி எத்தினி வாட்டி கூப்ட்டாலும் வூட்ட வுட்டு வெளிய வரமாட்டாளாம். அவளுக்கோசரம்தான் செஞ்சானாம்."

அக்கா கண்ணைத் திறக்காமலே, "பொய்யி" என்றார்.

"ஆமா."

"இன்னொண்ணு சொல்லுங்க."

அன்று மாமா நான்கு பொய் சொன்னார். நான்குக்கும் அக்கா சிரித்தார். மூன்றாம் நாள் காலையில் அமைதியாகப் போய்விட்டார்.

நோயின்போது வீட்டுக்கே வந்து பார்த்த செவிலியர்களுக்கும், முறை வைத்துக்கொண்டு வந்து அக்காவைக் குளிப்பாட்டிய, அவர் காரில் ஷிப்ட் போய்வந்த சேதராப்பட்டுச் சகோதரிகளுக்கும், மருந்துக்கு எந்த நேரம் கேட்டாலும் கடையைத் திறந்த வில்லியனூர் பாய்க்கும், வாரம் தவறாமல் மீன் கொடுத்தனுப்பிய மணப்பட்டுக் குடும்பத்துக்கும் நாங்கள் வணங்கி நன்றி சொல்கிறோம். பெயர் விடுபட்டவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இதை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். நன்றி சொல்லும் இடம் வந்ததும், "எனக்கும் ஒண்ணு எழுதணும்" என்றார்.

"பத்து வருசம் பக்கத்துல ஒக்காந்து திட்டிக்கினேதான் இருந்தேன். அவ நல்லா ஓட்டுனா மச்சான். என்னவிட நல்லா ஓட்டுனா. நான் ஒரு வாட்டிகூட அவகிட்ட சொல்லல. நீ எழுதிடு."

எழுதிவிட்டேன் மாமா.